பாஸ்டன் மாதாவுக்கு உப்பும் மிளகும்

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு புதுத் தம்பதி சாப்பிட வந்தார்கள். பையனுக்குக் கோயம்புத்தூர், பெண்ணுக்கு மதுரை. எங்களுக்குப் பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயில் உறவினர் ஒருவர் வீட்டில் இறங்கியிருக்கிறார்கள். அடுத்த வாரம் பாஸ்டனுக்குப் போகிறார்கள், பையனுக்கு அங்கே வேலை.

“அங்கிள், பாஸ்டன் எப்படி இருக்கும்?” என்று அவன் கேட்டதுதான் தாமதம், என் வீட்டுக்காரர் சாம்பார்க் கையைக் கழுவாமல் ஆரம்பித்துவிட்டார். அமெரிக்கா பிறந்த ஊர் அதுதான். வெள்ளைக்காரன் இன்னொரு வெள்ளைக்காரனோடு கோபித்துக்கொண்டு தேயிலையைக் கடலில் கொட்டியது அங்கேதான். நடைபாதையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டே நடந்தால் போதும், சரித்திரம் முழுவதும் வரிசையாக வரும். பையன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்தான் என் பக்கம் திரும்பினாள். “ஆன்ட்டி, நீங்களும் அங்க இருந்தீங்கதானே? ஃபர்ஸ்ட் பார்த்தப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

“வெளிச்சமா இருந்துச்சு,” என்றேன்.

அவள் சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்திருப்பாள். என் வீட்டுக்காரர் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரசம் கேட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. கம்பெனி எங்களை இந்த ஊருக்கு மாற்றுவதற்கு முன்னால், இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பாஸ்டன் கோடையைப் பற்றி நாங்கள் வந்தவர்களிடம் பேசுவதில்லை. அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே நினைத்தேன்: அவர் சொன்ன பாஸ்டனைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். நான் பார்த்த பாஸ்டனை நான்தான் சொல்ல வேண்டும்.

2

அதற்கு முன்னால் நாங்கள் டெக்சாஸில் இருந்தோம். எண்பத்தியொன்றில் தூத்துக்குடியிலிருந்து ஹூஸ்டனுக்கு வந்து இறங்கியபோது என் மகள் ரெஜினாவுக்கு மூன்று வயது. என் வீட்டுக்காரர் சேவியர் ஒரு எண்ணெய்க் கம்பெனியில், கடலுக்குள் போகிற குழாய்களுக்குப் படம் போடுகிற இன்ஜினியர். எண்ணெய் விலை ஏறியிருந்தவரை எங்களுக்கும் நல்ல காலம். சுகர் லேண்டில் வாடகை வீடு, பெரிய கார், ஞாயிறு பூசை முடிந்ததும் ஹில்கிராஃப்ட் தெருவில் நம்மூர் மளிகை. எண்பத்தாறில் எண்ணெய் விலை விழுந்தது. காலையில் ஃப்ரீவேயில் கூட்டம் குறைந்ததை வைத்தே எத்தனை பேருக்கு வேலை போயிருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இவரும் மேசையிலிருந்த சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தக் கம்பெனி எழுதிப்போட்டிருந்த கிரீன் கார்டு விண்ணப்பமும் அதோடு செத்தது.

இவர் எங்கெங்கோ அப்ளை பண்ணினார். கடைசியில் பாஸ்டனில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. மின் நிலையங்களுக்கு வேலை செய்கிறவர்கள். கோடை மூன்று மாதமும் வைத்துப் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம், கிரீன் கார்டுக்கும் அவர்களே எழுதுவார்கள். பிடிக்காவிட்டால் வேலையோடு விசாவும் போகும், நாங்கள் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இது அவருடைய கதை. என்னுடைய கதை வேறு. தூத்துக்குடியில் நான் கணக்கு டீச்சர். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடம், நிரந்தர வேலை. அமெரிக்காவுக்கு வரும்போது நான் வேலையை விடவில்லை. சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வருஷா வருஷம் நீட்டித்தேன். அந்த வருஷம் தலைமையாசிரியை சிஸ்டர் இனி நீட்டிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஆகஸ்ட் முடிவதற்குள் வந்து கையெழுத்துப் போட்டால் என் இடம் எனக்கு. இல்லையென்றால் வேறு ஆள் எடுத்துவிடுவார்கள். சிஸ்டரைக் குறை சொல்ல முடியாது, ஐந்து வருஷம் யார் காத்திருப்பார்கள்?

அமெரிக்காவில் என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. பாஸ்போர்ட்டில் அப்படித்தான் குத்தியிருந்தார்கள். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைத்தவள், ஐந்து வருஷமாக ஒரு வீட்டையும் ஒரு குழந்தையையும் ஒரு வாக்குவம் கிளீனரையும் மேய்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே இவருக்கு வேலை போன அன்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு ஜன்னல் திறந்தது.

ஒரே ஒரு முறை வெளிப்படையாகவே சொன்னேன். “ஊருக்குப் போயிருவோமே. எனக்கு வேலை இருக்குல்லா.”

“அங்க வந்து நான் என்ன செய்ய?” என்றார். “உன் சம்பளத்துல உக்காந்து திங்கவா?”

“இங்க நான் உங்க சம்பளத்துலதான திங்கேன்?”

காரை எடுத்துக்கொண்டு பெட்ரோல் போடப் போனார். டேங்க் நிறைந்துதான் இருந்தது.

3

பாஸ்டனுக்குக் காரிலேயே போனோம். வழியெல்லாம் மோட்டல், வழியெல்லாம் ரெஜியின் “ஆர் வி தேர் யெட்?” ஒரு ஜூன் மாத மாலை ஏழு மணிக்குப் பாஸ்டனுக்குள் நுழைந்தோம். ஏழு மணி என்று என் கைக்கடிகாரம் சொன்னது. வானத்தைப் பார்த்தால் எங்கள் ஊரில் நாலு மணி.

கம்பெனியில் ஒருவர் ஏற்பாடு செய்து கொடுத்த வீடு நகரத்தின் பழைய மூலையில், இத்தாலியர்கள் வாழும் தெருவில் இருந்தது. பச்சை வண்ணம் உரிந்த ஒரு பெரிய இரும்புப் பாலத்தின் அடியில் நடந்து போனால், அந்தப் பக்கம் வேறு ஊர். கார் ஒன்று போனால் ஆள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய தெருக்கள். செங்கல் வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று. மேலே ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டித் துணி காய்ந்தது. கீழே வாசலுக்கு வாசல் மடக்கு நாற்காலி போட்டு மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மனிதர்கள்! ஹூஸ்டனில் ஐந்து வருஷத்தில் அடுத்த வீட்டுக்காரரை நான் காருக்குள் மட்டுமே பார்த்திருக்கிறேன். இங்கே ஒருத்தி மூன்றாவது மாடியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கினாள், கீழே ஒருவர் அதில் ரொட்டி வைத்தார். மீன் வாடை அடித்தது. காபி வறுக்கிற வாசம் அதன் மேல் வந்தது. எங்கோ ஒரு குழந்தையை அதன் தாய் முழுப் பெயரையும் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். பாஷை புரியாவிட்டாலும் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

எனக்கு வந்த முதல் உணர்ச்சி பயம். இந்த ஊர் எனக்குப் பிடித்துவிடுமோ என்ற பயம். ஊருக்குத் திரும்புவதற்கு ஒரு கோடையைக் கடத்த வந்தவளுக்கு, துறைமுகத்து வாடையும் தெருச் சண்டையும் உள்ள ஒரு ஊரைக் காட்டினால் என்ன செய்வது? சாமான்களை இறக்கும்போதே குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். நாலு மாடி, லிஃப்ட் இல்லை. ஏசி இல்லை. குளியலறைக் கதவு முழுசாகச் சாத்தவில்லை. எல்லாவற்றையும் சத்தமாகவே சொன்னேன்.

வீட்டுச் சொந்தக்காரன் பெயர் கார்மைன். நாற்பது வயதிருக்கும், மீன் கடை வைத்திருந்தான், கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. அவன் அக்காவின் பெயர் ஆஞ்சலா. தூத்துக்குடியில் எங்கள் தெருவிலேயே நாலு அஞ்சலா உண்டு என்று இவரிடம் சொன்னேன். ஆஞ்சலா கீழ் வாசலில் எந்நேரமும் நாற்காலியில் இருப்பாள். மாடிப்படி ஏறி இறங்குகிற எல்லோரும் அவள் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும்.

அன்று இருட்டினதும் சமைக்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். இருட்டவே இல்லை. எட்டு மணிக்குச் சுவரில் மஞ்சள் வெயில். எட்டரைக்கு வெயில் போனது, வெளிச்சம் போகவில்லை. ஹூஸ்டனிலும் கோடையில் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே வெயிலுக்குப் பயந்து திரையை இழுத்துவிட்டு ஏசிக்குள் கிடந்தோம், மாலை என்று ஒன்றைப் பார்த்ததே இல்லை. இங்கே அறைக்குள் புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்தால், மாலை உள்ளே வந்து நம்மோடு உட்கார்ந்துகொண்டது. ஒன்பது மணிக்குத்தான் அது மெல்லக் கிளம்பியது. ரெஜி பசியில் தூங்கிப்போயிருந்தாள்.

4

இவர் ஐந்தரைக்கெல்லாம் வேலையிலிருந்து வந்துவிடுவார். வந்தால் முகம் சரியாக இருக்காது. தன்னைவிட வயதில் சின்னவன் ஒருவன் தன் படங்களைத் திருத்துவதாகச் சொல்வார். பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், “கிரேட் ஜாப்” என்று மட்டும் சொல்வார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று இரவு படுக்கும்வரை யோசிப்பார். படுக்கும்வரை என்றால் இன்னும் நாலு மணி நேர வெளிச்சம் பாக்கி. ஊரில் என்றால் ஆறரைக்கு விளக்கைப் போட்டு, ஜெபத்தை முடித்து, சாப்பிட்டு, ஒரு நாளை மூடிவிடலாம். இங்கே மூட முடியவில்லை. ஒரு அறையில் மூன்று பேர், ஒரு மேஜை விசிறி. இவர் எழுந்து ஜன்னலுக்குப் போவார், திரும்பி வந்து உட்காருவார், மறுபடி எழுவார். நானும் அப்படித்தான்.

ஆகவே நடந்தோம். தினமும் மூன்று பேரும் இறங்கி, ஆஞ்சலாவுக்குத் தலையாட்டிவிட்டு நடப்போம். நடைபாதையில் போட்ட அந்தச் சிவப்புக் கோடும் அப்படித்தான் கண்ணில் பட்டது. பழைய கல்லறைத் தோட்டத்தில் கறுப்புப் பலகைக் கற்கள் சாய்ந்து நின்றன, ஒவ்வொன்றின் மேலும் சிறகு முளைத்த மண்டையோடு செதுக்கியிருந்தது. மேட்டில் பணக்காரர்களின் தெரு ஒன்றில் வாயு விளக்குகள் பட்டப்பகலிலும் எரிந்தன. அணைக்க ஆள் வைப்பதைவிட எரியவிடுவது லாபமாம், இவர் எங்கோ படித்திருக்கிறார். எனக்கு அந்த விளக்குகளைப் பார்க்க எரிச்சலாக வந்தது. இருட்டும் இல்லாத இடத்தில் யாருக்காக எரிகின்றன?

தெருவில் சண்டை போடுவதற்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது. சரித்திரச் சின்னம் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நாங்கள் தமிழில் சண்டை போட்டிருக்கிறோம். சுற்றுலா வந்த சனங்கள் நாங்கள் எதையோ ரசித்துப் பேசுவதாக நினைத்துக் கேமராவோடு ஒதுங்கி வழிவிடுவார்கள். ரெஜி மட்டும் பத்தடி முன்னால் போவாள், நாங்கள் யாரோ என்பது போல.

ஒரு நாள் நூலகத்தில் சேரப் போனேன். வீட்டு முகவரியோடு என் பெயர் உள்ள ஏதாவது ஒரு காகிதம் கேட்டார்கள். வீட்டு ஒப்பந்தம் இவர் பெயரில். கரண்ட் பில், ஃபோன் பில், வங்கி, கார், எல்லாம் இவர் பெயரில். பாஸ்போர்ட்டில் என் பெயர் இருந்தது, ஆனால் அதில் தூத்துக்குடி முகவரி. அந்தப் பெண் நல்லவள். உங்கள் பெயருக்குத் தபாலில் ஏதாவது வந்தால் கூடப் போதும் என்றாள். அப்படி எனக்கு எழுத பாஸ்டன் முகவரி தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஒரு போஸ்ட் கார்டு வாங்கி எனக்கு நானே எழுதிப் போட்டேன். “லூர்து டீச்சருக்கு, நலம், நலமறிய அவா” என்று. மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. நூலக அட்டை கிடைத்தது. அன்று மாலை அந்த போஸ்ட் கார்டைப் பார்த்து இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுதேன்.

ஜெபத்துக்கும் சிக்கல் வந்தது. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் இருட்டினதும் ஜெபமாலை சொல்வோம். பிள்ளைகள் எங்கே விளையாடினாலும் விளக்கு போட்டதும் வந்துவிட வேண்டும். ஹூஸ்டனில் ஏழு மணிக்குத் திரையை மூடினால் இருட்டுதான், ரெஜி வந்து முழங்காலிடுவாள். இங்கே அவள் இத்தாலியப் பிள்ளைகளோடு தெருவில் கயிறு தாண்டிக்கொண்டிருப்பாள். நான் ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் கீழேயிருந்து குரல் வரும்: “இட்ஸ் நாட் ஈவன் டார்க், மம்மி!”

“ஏழு மணி ஆச்சு, மேல வா!”

“யூ ஸெட் வென் இட்ஸ் டார்க்!”

நான் சொன்ன சட்டம்தான். கணக்கு டீச்சரின் மகள் அல்லவா, மடக்கிவிட்டாள். அவளுக்குத் தமிழ் ஒரு சொல் விடாமல் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். அதட்டினாலும் கெஞ்சினாலும் அதேதான்.

கடைசியில் ஒன்பது மணிக்குத்தான் ஜெபம். ஜெபமாலை முடிந்ததும் அவரவர் மனதுக்குள் வேண்டிக்கொள்ள ஒரு நிமிஷம் விடுவது எங்கள் வழக்கம். அந்த நிமிஷத்தில் நான் என்ன கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். “தாயே, இவருக்கு அந்த வேலை கிடைக்க வேண்டாம்.” வேறு எப்படிக் கேட்பது? எங்களை ஊருக்கு அனுப்பு என்று சுற்றி வளைத்துக் கேட்டாலும் அதற்கு வழி இது ஒன்றுதான். மாதாவுக்குப் புரியும்படி நேராகக் கேட்டேன். மனதுக்குள்தான் கேட்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உதடு முணுமுணுத்திருக்கிறது. பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவளுக்கு அது கேட்டிருக்கிறது.

5

ஆகஸ்ட் வந்தது. அந்த மாதத்தில் எங்கள் ஊரில் மாதா திருவிழா. கொடியேற்றம், சப்பரம், தெருவெல்லாம் சனம். சப்பரம் வீட்டு வாசலைக் கடக்கும்போது உப்பும் மிளகும் கலந்து ஒரு கைப்பிடி எடுத்து, வேண்டிக்கொண்ட நேர்ச்சையை நினைத்து அதன் மேல் வீசுவோம். கரையோரத்துக் கத்தோலிக்கர் எல்லோரும் செய்வதுதான். ஹூஸ்டனில் ஐந்து வருஷமாக ஆகஸ்ட்டை நான் நாள்காட்டியில் மட்டும் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நடக்கக் கிளம்பிக் கீழே இறங்கியபோது தெரு முனையில் பேண்டு சத்தம். எட்டிப் பார்த்தேன். மாதா வந்துகொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் தோளில் கட்டை வைத்து ஒரு பீடத்தைத் தூக்கி வந்தார்கள். முன் வரிசையில் தோளில் நீலப்பட்டை போட்டுக்கொண்டு எங்கள் கார்மைன். மாதா சுரூபத்திலிருந்து இறங்கிய நாடாக்களில் சனங்கள் டாலர் நோட்டுகளைக் குத்திக்கொண்டிருந்தார்கள். மேல் மாடி ஜன்னல்களிலிருந்து காகிதத் துணுக்குகளைக் கொட்டினார்கள். வெயில் மாதாவின் கிரீடத்தில் பட்டது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

பிறகுதான் உறைத்தது. மாதா வாசலுக்கே வருகிறார், என் கை வெறுங்கை. ஆகஸ்ட் முடியச் சில நாட்கள்தான் பாக்கி. நாலு மாடியும் ஓடினேன்.

எங்களோடு வந்தது இரண்டு பெட்டிதான், அதில் முழு மிளகு வரவில்லை. சமையலறையில் சூப்பர் மார்க்கெட் உப்பும், டப்பாவில் அடைத்த மிளகுத்தூளும் இருந்தன. யோசிக்க நேரமில்லை. ஒரு கிண்ணத்தில் இரண்டையும் கொட்டிக் கலந்துகொண்டு இறங்கினேன்.

இவர் கிண்ணத்தைப் பார்த்தார். “என்னது இது?”

“உப்பும் மிளகும். மாதாவுக்குப் போடணும்.”

“ஏ லூர்து, இங்க யாருக்கு இது தெரியும்? என்னமோ ஏதோன்னு நினைக்கப் போறாவ.”

“அவ்வோ காகிதத்தைக் கொட்டுதாவள்லா? அது மாதிரிதான்.”

சப்பரம் பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிறு பூசைக்கு வருவாரே தவிர, நேர்ச்சை, வேண்டுதல் எல்லாம் பெண்பிள்ளைகள் சமாச்சாரம் என்பவர். அன்று உள்ளங்கையை என் முன்னால் நீட்டினார்.

“எனக்கும் கொஞ்சம் போடு.”

அவர் கையைப் பார்த்தேன். அவர் என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். என் கையால் போட்ட உப்பைக் கொண்டே எனக்கு எதிராகக் கேட்கப் போகிறார். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? நிறையவே போட்டேன்.

மாதா எங்கள் வாசலுக்கு வந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீசினோம்.

எங்கள் ஊரில் முழு மிளகு சப்பரத்தில் பட்டுத் தெறித்துக் கீழே விழும். தூள் விழாது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று வேறு. ஒரு பழுப்பு மேகம் மாதாவின் பாதத்திலிருந்து கிளம்பி நேராக முன் வரிசை ஆண்களின் முகத்துக்கு வந்தது. கார்மைன் ஒரு தும்மல் போட்டான். அப்புறம் அடுத்தவன். அதற்கு அடுத்தவனுக்குக் கண்ணில் விழுந்து, கத்திக்கொண்டு ஒரு கையை எடுத்தான். பீடம் ஒரு பக்கம் சாய்ந்தது. தெரு முழுவதும் ஒரே அலறல். டிரம்பெட்காரன் ஊதிக்கொண்டிருந்தபோதே தும்மியதால் அதிலிருந்து வந்த சத்தத்தை என்னவென்று சொல்வது! எப்படியோ சமாளித்துப் பீடத்துக்கு முட்டுக்கால்களைப் பொருத்தி மாதாவைத் தரையில் இறக்கினார்கள். எங்கள் வாசலுக்கு நேர் முன்னால்.

கண்ணீர் வழிய கார்மைன் என்னிடம் வந்தான். எதை வீசினாய், மாதாவின் மேல் எதை வீசினாய் என்று கத்தினான். என் கையிலிருந்த கிண்ணத்தை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். விசாவோடு சம்பந்தப்பட்ட எல்லாமும் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு ஞாபகம் வந்தது.

இவர் முன்னால் போய் நின்றார். “சார், இன் அவர் பிளேஸ், கஸ்டம், சார். ஃபார் மதர். சால்ட் அண்ட் பெப்பர்.” ஐந்து வருஷம் அமெரிக்காவில் மீட்டிங் நடத்தியவருக்கு அன்று நாலு வார்த்தை சேர்ந்து வரவில்லை. அவர்கள் முகத்தில் கோபம் குறையவில்லை. மாதாவுக்கு உப்பும் மிளகும் எதற்கு, சமைக்கவா என்று ஒருவன் கேட்டான்.

அப்போதுதான் ரெஜி நடுவில் வந்தாள். கயிறு கையில் அப்படியே இருந்தது. டெக்சாஸ் இழுவையோடு அவள் சொன்னது இதுதான்: நீங்க டாலர் குத்துறீங்க, இவங்க உப்பு மிளகு போடுவாங்க, ரெண்டும் ஒண்ணுதான், மாதாகிட்ட ஏதாவது கேக்குறதுக்கு.

தெரு கொஞ்சம் அடங்கியது. வாசலில் நின்ற ஆஞ்சலா கேட்டாள்: “சரி, உன் அம்மா என்ன கேட்டாள்?”

“ரெஜி!” என்றேன். தமிழில்தான் சொன்னேன். “வாயை மூடு.”

அவளுக்குப் புரிந்தது. ஆனால் ஒரு பெரியவர் கேள்வி கேட்டால் நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். “அப்பாவுக்கு வேலை வேணும்,” என்று இங்கிலீஷில் சொன்னாள். “மம்மி அந்த வேலை அப்பாவுக்குக் கிடைக்கக் கூடாதுன்னு கேக்குறாங்க. எவ்ரி நைட்.”

நான் இவரைப் பார்க்கவில்லை. கார்மைன்தான் முதலில் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே மாதாவின் பக்கம் கையைக் காட்டி, அப்படியானால் இன்று கஷ்டம் எனக்கில்லை, மாதாவுக்குத்தான் என்றான். கூட்டம் முழுவதும் சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்தார். ஆஞ்சலா என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, இனி வேண்டாம் என்பது போல அதைத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்தாள். ஆண்கள் மறுபடி தோள் கொடுத்தார்கள். பேண்டு தொடங்கியது. மாதா எங்களை விட்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

6

வழக்கம் போல நடந்தோம். வேறு என்ன செய்வது, மணி ஏழுகூட ஆகவில்லை. துறைமுகத்தில் போய் நின்றோம். ரெஜி தூரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு படகு பார்த்தாள்.

“வேலை கெடைக்கக் கூடாதுன்னா கேட்ட?”

“ஆமா.”

“தெனமுமா?”

“தெனமுந்தான்.”

“ஒரு நாள்கூட விடலையா?”

யோசித்துப் பார்த்தேன். “ஒரு நாள் விட்டேன். உங்களுக்குக் காய்ச்சல் அடிச்ச அன்னைக்கி.”

அவர் சிரிக்கப் போனார், முடியவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஊருக்குப் போக ஆசைப்படுகிறேன் என்பது அவருக்குத் தெரியும். அவர் தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு போய்ப் போராடுவதற்கு எதிராக, அவர் பக்கத்திலேயே முழங்காலிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது தெரியாது. அவருக்கு வலித்தது எனக்குத் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. என் ஐந்து வருஷத்துக்கு யாரும் என்னிடம் கேட்கவில்லையே.

ஆகஸ்ட் கடைசி வாரம் ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவர், வழக்கம் போலச் சாப்பிட்டு முடித்தார். தட்டை எடுக்கும்போது சொன்னார். “வச்சுக்கிட்டாவ. பெர்மனெண்ட்.”

“நல்லது,” என்றேன். தட்டைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவி வைத்திருந்ததையும் எடுத்துக் கழுவினேன்.

அவர் என் பின்னால் வந்து நின்றார். “நீயும் ரெஜியும் போங்க, லூர்து. டிக்கெட் போடுதேன். உன் வேலையில போய் சேரு. நான் இங்க கிரீன் கார்டு வாற வரைக்கும் இருக்கேன். அப்புறம் பாக்கலாம்.”

ஒப்புக்குச் சொன்னதில்லை. கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு, கரும்பலகை, மத்தியானம் கடைசிப் பீரியடில் தூங்கி விழும் பிள்ளைகள், வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்து, எல்லாம் கண் முன்னால் வந்தன. கூடவே இந்த மேஜையும் வந்தது, அதில் தனியாக உட்கார்ந்து “கிரேட் ஜாப்” என்பதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் இவரும் வந்தார். கிரீன் கார்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ரெஜி இரண்டு ஊருக்கும் இல்லாமல் போவாள். அன்று மாலை ஜன்னலில் நின்று வெகு நேரம் யோசித்தேன். அவள் கீழே இத்தாலிய மொழியில் எண்ணிக்கொண்டு கயிறு தாண்டினாள். போக வேண்டும் என்ற ஆசை கொஞ்சமும் குறையவில்லை. போக முடியாது என்பதும் தெரிந்துவிட்டது. இரண்டும் ஒரே மனதில் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள், இருந்தது.

மறுநாள் ராஜினாமா எழுதினேன். மூன்று வரிதான். தபாலாபீசுக்கு இவரும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார், நான் கேட்கவில்லை. பணம் கட்டி, கவரைக் கவுண்டரில் இருந்த ஆள் வாங்கி உள்ளே போட்டதும், அந்தக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டும் போலிருந்தது. வெளியே வந்து நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் நான் நின்றேன்.

“ஒண்ணு கேக்கேன், உள்ளதைச் சொல்லணும். மாதா எனக்குக் கொடுத்திருந்தா, உங்க வேலை போயிருந்தா, நீங்க என் கூட ஊருக்கு வந்திருப்பியளா?”

தெருவைக் கடந்தோம்.

“வந்திருப்பேன்,” என்றார். “ஆனா சும்மா வந்திருக்க மாட்டேன். சாவுற வரைக்கும் உனக்குச் சொல்லிக் காட்டியிருப்பேன்.”

“நான் மட்டும் சும்மா விட்டுருவேன்னா நினைக்கிய?”

“விடாத,” என்றார். “நீ விட்டேன்னாதான் எனக்குப் பயம்.”